கண்ணாடி கொடுத்ததாகப் பதிவேட்டில் எழுதிவிட்டால் முதலாளியின் கடமை முடிந்துவிடுமா?

கோவை மாவட்டத்தில் பம்ப் பாகங்களை வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் ஆறு ஆண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்யும் வாசகர் ஒருவர், நான்கு பக்கங்களுக்குத் தம் கைப்பட எழுதிய கடிதத்தை அனுப்பியிருக்கிறார். அவர் இருப்பது ஃபெட்லிங் பிரிவில். அச்சிலிருந்து எடுத்த வார்ப்புகளில் ஒட்டியிருக்கும் பிசிறைக் கிரைண்டரின் சாணைக்கல்லில் பிடித்துத் தேய்த்து எடுப்பது அவர் வேலை. இந்த ஆண்டு பொங்கல் முடிந்த இரண்டாவது வாரம், இரவு ஷிப்டில், தெறித்து வந்த இரும்புத் துகள் ஒன்று அவருடைய இடது கண்ணில் பாய்ந்தது. தனியார் கண் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்தும், அந்தக் கண்ணுக்கு முன்னால் கை அசைவது மட்டுமே தெரிகிறது என்றும், பார்வை திரும்புவது கடினம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார் என்றும் எழுதியிருக்கிறார்.

விபத்து நடந்த வேளையில் பாதுகாப்புக் கண்ணாடி அவருடைய நெற்றியில் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. ஷிப்டுக்கு நான்கு பேருக்கு இரண்டு கண்ணாடிகள். இரண்டும் கீறல் விழுந்து பால் படர்ந்ததுபோல் ஆகிவிட்டவை. அவற்றைப் போட்டுக்கொண்டால் பிசிறு எது, வார்ப்பின் விளிம்பு எது என்று தெரியாது. அளவு பிசகினால் அந்த வார்ப்பு கழிவில் போகும், திட்டும் விழும். கிரைண்டரோடு வந்த கண்ணாடித் தடுப்பு தீபாவளிக்கு முன்பே உடைந்ததால் கழற்றி மூலையில் வைத்துவிட்டார்கள். சூப்பர்வைசரிடம் இரண்டு முறை சொல்லியும் புதியது வரவில்லை. இப்போது நிர்வாகம், "கண்ணாடி கொடுத்ததற்குப் பதிவேட்டில் உன் கையெழுத்து இருக்கிறது, போடாதது உன் தவறு" என்கிறது. ஷூவுக்கும் கண்ணாடிக்கும் என்று ஆண்டுதோறும் 850 ரூபாய் அவர் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. "இ.எஸ்.ஐ.க்குப் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) போக வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னவர்கள், 10,000 ரூபாய் கொடுத்து, இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று தட்டச்சு செய்த தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மருத்துவச் செலவில் மீதிக்கு மனைவியின் நகை அடகில் இருக்கிறது. உறவினர் ஒருவர், வழக்குப் போட்டால் கம்பெனியிடமிருந்து பெருந்தொகை கிடைக்கும் என்கிறார். மனைவியோ, மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு முன்பணம் கொடுத்த முதலாளியைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்கிறார். "தவறு என்னுடையதாக இருக்கும்போது கேட்பதற்கு எனக்கு வாயுண்டா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

நண்பருக்கு, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: உண்டு. விபத்துக்கு முழுப் பொறுப்பும் உங்களுடையது என்று நீங்கள் எடுத்துக்கொண்டது சட்டப்படியும் சரியல்ல, நியாயப்படியும் சரியல்ல. ஆனால் உங்கள் கடிதத்தில் வேறு சில தவறான நம்பிக்கைகளும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, உங்கள் உறவினர் ஊட்டிய நம்பிக்கை. அதையும் இங்கேயே திருத்திவிடுவது நல்லது என்பதால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முன்னதாகச் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். இத்தனை காலமும் உங்கள் ஆலைக்குப் பொருந்தியது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தைத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு 2020 எடுத்துக்கொண்டது. ஊதியத்துக்கும் சமூகப் பாதுகாப்புக்கும் தனித்தனிச் சட்டத்தொகுப்புகள் அதே நாளில் நடைமுறைக்கு வந்தன. உங்களுக்கு விபத்து நேர்ந்தது அதற்குப் பிறகு. ஆகவே புதிய சட்டமே பேசும். ஆனாலும் பாதுகாப்பைப் பொறுத்தவரை அடிப்படைக் கடமைகள் பெரிதாக மாறிவிடவில்லை என்பதால், பழைய சட்டத்தின் சொற்களையும் ஆங்காங்கே காட்டுகிறேன்.

"போடாதது உன் தவறு" என்ற வாதம்

இந்த வாதம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. சட்டத்தில் அதற்கு ஒரு வேர் இருக்கிறது. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், தொழிலாளி குடித்திருந்தாலோ, பாதுகாப்புக்கென்று வெளிப்படையாக இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறினாலோ, பாதுகாப்புக்காகக் கொடுத்த தடுப்பையோ சாதனத்தையோ தெரிந்தே வேண்டுமென்று அகற்றினாலோ புறக்கணித்தாலோ, அதனால் நேர்ந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பல்ல என்றது. அப்போதும்கூட, மரணமோ நிரந்தரமான முழு ஊனமோ ஏற்பட்டுவிட்டால் இந்த விலக்கை முதலாளி சொல்ல முடியாது. நிர்வாகங்கள் இந்த விதியின் முதல் பாதியைத்தான் நினைவில் வைத்திருக்கின்றன. "வேண்டுமென்றே" என்ற சொல்லை மறந்துவிடுகின்றன. கவனக்குறைவு வேறு, வேண்டுமென்று மீறுவது வேறு என்று நீதிமன்றங்கள் நெடுங்காலமாகவே பிரித்துப் பார்த்து வந்திருக்கின்றன. அதை மெய்ப்பிக்க வேண்டியதும் முதலாளிதான்.

உங்கள் ஆலையில் நடந்ததை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். கிரைண்டரின் தடுப்பை அகற்றியது நீங்கள் அல்ல. உடைந்ததை மாற்றாமல் மூன்று மாதம் இயந்திரத்தை ஓட்டியது நிர்வாகம். சாணைக்கல்லுக்கு முன்னால் இருக்க வேண்டிய அந்தத் தடுப்பு, வேலை செய்பவரின் விருப்பத்தையோ நினைவையோ சோர்வையோ நம்பியிராமல் தானே காக்கும் ஏற்பாடு. தொழிற்பாதுகாப்பில் வரிசை என்று ஒன்று உண்டு: ஆபத்தையே நீக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் இயந்திரத்திலேயே தடுப்பும் தூசி உறிஞ்சியும் அமைக்க வேண்டும், வேலைமுறையைத் திருத்த வேண்டும், இவை எல்லாம் செய்த பிறகும் எஞ்சும் ஆபத்துக்குத்தான் கண்ணாடியும் கையுறையும் முகமூடியும். அவை கடைசி அரண். முதல் அரணை இடித்துப் போட்டுவிட்டு, கடைசி அரணில் நின்றவனைப் பார்த்து "நீ ஏன் நன்றாகக் காக்கவில்லை" என்று கேட்பதில் நியாயம் இல்லை.

அடுத்தது, அந்தக் கண்ணாடி. தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-ஆவது பிரிவு, துகள் தெறித்துக் கண்ணில் காயம் ஏற்படக்கூடிய வேலைகளில், அந்த வேலையைச் செய்பவருக்கும் அருகில் நிற்பவருக்கும் பயன்தரும் திரைகளோ பொருத்தமான கண்ணாடியோ தரப்பட வேண்டும் என்று விதிகள் செய்ய வழிவகுத்தது. "பொருத்தமான" என்ற சொல்லை அழுத்திப் படியுங்கள். ஊடே பார்க்க முடியாத கண்ணாடி பொருத்தமானது அல்ல. நான்கு பேருக்கு இரண்டு என்பது, எப்போதும் இரண்டு பேர் கண்ணாடி இல்லாமல்தான் நிற்பார்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்வது. பார்வைக் குறைபாட்டுக்குக் கண்ணாடி அணிபவருக்கு அதன் மேலே போடத்தக்க வகையோ, அவருடைய பவருக்கேற்ற பாதுகாப்புக் கண்ணாடியோ தர வேண்டும். தொழிற்சாலைக் கண்காப்புகளுக்கு ஐ.எஸ். 5983, பாதுகாப்புக் காலணிகளுக்கு ஐ.எஸ். 15298, தலைக்கவசத்துக்கு ஐ.எஸ். 2925 என்று இந்தியத் தர நிர்ணயங்கள் இருக்கின்றன. சாலையோரக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கண்ணாடி இரும்புத் துகளின் வேகத்தைத் தாங்காது; உடைந்து அதுவே கண்ணில் குத்தவும் கூடும். உங்களிடம் இருந்த கண்ணாடியின் ஃபிரேமில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் எண்ணும் இருந்ததா என்று கூட வேலை செய்பவர் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் அதையும், மூலையில் கிடக்கும் அந்த உடைந்த தடுப்பையும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

புதிய சட்டத்தொகுப்பின் 6-ஆவது பிரிவு இன்னும் விரிவானது. காயத்தையோ தொழில்நோயையோ உண்டாக்கக்கூடிய ஆபத்துகள் இல்லாததாகப் பணியிடத்தை வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று அது தொடங்குகிறது. இயந்திரங்களைப் பாதுகாப்பான நிலையில் பராமரிப்பது, தேவையான தகவலும் பயிற்சியும் மேற்பார்வையும் தருவது ஆகியவற்றையும் அதே பிரிவு முதலாளியின் தலையில் வைக்கிறது. மேற்பார்வை என்ற ஒரு சொல்லே உங்கள் வழக்கின் பாதி. இரண்டு பேர் கண்ணாடி இல்லாமலும், மற்ற இருவர் அதை நெற்றியில் ஏற்றிக்கொண்டும் வேலை செய்வதை அந்த சூப்பர்வைசர் இரவுதோறும் பார்த்திருப்பார். பார்த்தும் வேலையை நிறுத்தாதவர், ஏன் ஏற்றினார்கள் என்று கேட்காதவர், விபத்துக்குப் பிறகு மட்டும் பதிவேட்டை நீட்டுவது கடமையைச் செய்ததாகாது. பதிவேட்டில் உள்ள கையெழுத்து, என்றோ ஒரு நாள் ஒரு பொருள் கைமாறியதற்குச் சாட்சி. அது நல்ல நிலையில் இருந்தது என்பதற்கோ, தேய்ந்தபோது மாற்றித் தரப்பட்டது என்பதற்கோ சாட்சி அல்ல.

இத்தனையும் சொன்ன பிறகு, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டத்தொகுப்பின் 13-ஆவது பிரிவு தொழிலாளிக்கும் கடமை விதிக்கிறது: தன் பாதுகாப்பிலும் மற்றவர் பாதுகாப்பிலும் நியாயமான கவனம் எடுக்க வேண்டும், பாதுகாப்பற்ற நிலை கண்ணில் பட்டால் தெரிவிக்க வேண்டும். நீங்கள் சூப்பர்வைசரிடம் இரண்டு முறை சொன்னது அந்தக் கடமையைச் செய்ததுதான். அதை வாய்மொழியாக மட்டும் சொன்னது உங்களுக்கு இப்போது சிரமம் தருகிறது. இனி எதைச் சொன்னாலும் ஒரு வாட்ஸப் செய்தியாகவாவது அனுப்பி வையுங்கள். நல்ல கண்ணாடி கையில் இருக்கும்போது அதை நெற்றியில் ஏற்றாதீர்கள். மீதமிருக்கும் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அந்தத் துணிவு வேண்டாம்.

சம்பளத்தில் பிடித்த 850 ரூபாய்

இதில் விவாதத்துக்கே இடமில்லை. தொழிற்சாலைகள் சட்டத்தின் 114-ஆவது பிரிவு, சட்டப்படி தர வேண்டிய சாதனங்களுக்குத் தொழிலாளியிடம் எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது என்றது. புதிய சட்டத்தொகுப்பின் 6-ஆவது பிரிவும் பணியிடத்தின் பாதுகாப்புக்காகவும் சுகாதாரத்துக்காகவும் செய்யப்படும் எதற்கும், தொழில்நோய் கண்டறியும் மருத்துவப் பரிசோதனை உட்பட, தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது என்கிறது. ஊதியச் சட்டத்தொகுப்போ, அது அனுமதிக்கும் பிடித்தங்களைப் பட்டியலிட்டு, மற்றவை கூடாது என்கிறது. "ஷூவும் கண்ணாடியும் உன் சொந்தப் பொருள், வீட்டுக்கு எடுத்துப் போகிறாய்" என்று சொல்வார்கள். அந்தச் சமாதானம் செல்லாது.

ஆறு ஆண்டுக்கு 5,100 ரூபாய் ஆகிறது. எல்லாம் திரும்பக் கிடைக்குமா என்றால், கால வரம்பு குறுக்கே நிற்கும். பழைய ஊதிய வழங்கல் சட்டத்தில் 12 மாதம்தான் கெடு. புதிய தொகுப்பில் மூன்று ஆண்டு. நவம்பர் 2025-க்கு முன் பிடித்த தொகைகளுக்கு எந்தக் கெடு என்பதில் எதிர்த்தரப்பு வாதாடும். ஆகவே கடைசியாகப் பிடித்த ஆண்டின் தொகையை உறுதியாகவும், முந்தையவற்றை முயன்றும் கேட்கலாம். தொகை சிறியதுதான். ஆனாலும் சம்பளச் சீட்டில் அச்சாகியிருக்கும் அந்த 850, நிர்வாகம் பாதுகாப்புச் சாதனத்தைத் தன் கடமையாக நினைக்கவே இல்லை என்பதற்கு அதன் சொந்த ஒப்புதல். அதனால் அந்தச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

"நீ கான்ட்ராக்டர் ஆள்"

ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் ஃபவுண்டரி உரிமையாளருக்கு உங்களிடம் கடமை இல்லை என்று நினைக்காதீர்கள். தொழிற்சாலைகள் சட்டத்தில் "தொழிலாளி" என்ற விளக்கத்திலேயே ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவரும் அடங்கியிருந்தார். புதிய தொகுப்பிலும், தொழிற்சாலையைப் பொறுத்தவரை அதை நடத்தும் பொறுப்பு யார் கையில் இருக்கிறதோ அவரே முதலாளி. ஒப்பந்தக்காரரும் அந்த விளக்கத்துக்குள் வருகிறார். அந்தக் கிரைண்டர் யாருடையது, அதைப் பழுதுபார்க்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தாலே பொறுப்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். இ.எஸ்.ஐ. சந்தாவையும், ஒப்பந்தக்காரர் கட்டத் தவறினால், முதன்மை முதலாளிதான், அதாவது ஆலையின் உரிமையாளர்தான், முதலில் கட்டிவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும்.

இ.எஸ்.ஐ.: நீங்கள் விட்டுவைத்திருக்கும் பெரிய உரிமை

உங்கள் நாள் சம்பளம் 600 ரூபாய். 26 நாள் வேலைக்கு 15,600. அதில் 117 ரூபாய் இ.எஸ்.ஐ. என்று பிடித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியான கணக்கு: தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம், அதாவது 507 ரூபாய், கட்ட வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இந்தக் காப்பீடு உண்டு. ஆறு ஆண்டுகள் சந்தா கட்டியும் ஒரு நாள்கூட இ.எஸ்.ஐ. மருந்தகத்தின் படியேறாததைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கூட்டத்தையும் காத்திருப்பையும் தவிர்க்க நினைப்பது புரிகிறது. ஆனால் பணியிட விபத்து என்றால் கதை வேறு.

"இ.எஸ்.ஐ.க்குப் போக வேண்டாம்" என்று நிர்வாகம் ஏன் சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அங்கே பதிந்தால், விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும், விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும், 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் செய்த விபத்து என்பதால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் தகவல் போக வேண்டும். அங்கிருந்து ஆய்வாளர் வந்தால் உடைந்த தடுப்பும் தெரியும். தனியார் மருத்துவமனையின் பில்லில் பாதியைக் கொடுத்துவிட்டால் இந்தத் தாள்கள் எதுவும் பிறப்பதில்லை. முதலாளி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகளின் படிப்புக்கு உதவியது உண்மையான அன்பாகவே இருக்கலாம். ஆனால் இந்த அறிவுரை உங்கள் நலத்துக்காகச் சொன்னது அல்ல.

பணியிட விபத்தில் தற்காலிகமாக வேலை செய்ய முடியாமல் போன காலம் முழுவதற்கும், அந்தக் காலம் குறைந்தது மூன்று நாள் நீடித்திருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 90 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்கும். அதற்குக் குறைந்தபட்சம் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சிகிச்சை முடிந்தும் ஊனம் நிரந்தரமாக எஞ்சினால், மருத்துவ வாரியம் உங்களைப் பார்த்து, சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் இழப்பு என்று தீர்மானிக்கும். சட்டத்தின் அட்டவணைப்படி, மற்றக் கண் நன்றாக இருக்கும் நிலையில் ஒரு கண்ணின் பார்வை போனால் 30 சதவீதம். ஒரு கண்ணையே இழந்தால் 40 சதவீதம். உங்கள் 600 ரூபாயில் 90 சதவீதம் 540. அதில் 30 சதவீதம் 162. நாளொன்றுக்கு 162 ரூபாய் என்றால் மாதம் ஏறத்தாழ 4,860 ரூபாய், உங்கள் ஆயுள் முழுவதும். வேலைக்குத் திரும்பினாலும் இது நிற்காது. இந்தக் கண்ணுக்கு நீங்கள் வாங்கிக்கொண்ட 10,000 ரூபாயை இந்தத் தொகை இரண்டே கால் மாதத்துக்குள் தாண்டிவிடும்.

கண்ணாடி போடாதது இங்கே தடையாகுமா? இ.எஸ்.ஐ. சட்டத்தில் நீங்கள் அறிய வேண்டிய இரண்டு விதிகள் இருந்தன. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. வேலை நேரத்தில் வேலையிடத்தில் நேர்ந்த விபத்து, மாறான சான்று இல்லாதவரை, வேலையால் நேர்ந்ததாகவே கருதப்படும் என்பது ஒன்று. சட்டத்தையோ முதலாளியின் கட்டளையையோ மீறியபடி செய்த வேலையானாலும், அது முதலாளியின் தொழிலுக்காகவே செய்யப்பட்டிருந்தால், அந்த மீறல் காரணமாக மட்டும் உதவி மறுக்கப்படாது என்பது மற்றொன்று. நீங்கள் நெற்றியில் கண்ணாடியோடு தேய்த்துக்கொண்டிருந்தது அவருடைய பம்ப்பின் வார்ப்பைத்தான்.

இங்கேதான் உங்கள் உறவினரைத் திருத்த வேண்டியிருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் காப்பீடு பெற்ற தொழிலாளி, அதே காயத்துக்காக முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர முடியாது. இழப்பீட்டுச் சட்டத்தின்படி கேட்க முடியாது என்று 1996-லும், பொதுவான நட்டஈட்டு வழக்காகவும் கேட்க முடியாது என்று 1997-லும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெருந்தொகை வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு வழி மட்டும் இருக்கிறது: கடமை மீறலால் தொழிலாளிக்குப் பார்வை நிரந்தரமாகப் போவது போன்ற கடும் காயம் நேர்ந்தால், புதிய தொகுப்பின் 103-ஆவது பிரிவின்படி முதலாளிக்கு ஓராண்டு வரை சிறையோ, 2 லட்சத்துக்குக் குறையாத, 4 லட்சத்துக்கு மிகாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம், அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாத பகுதியைப் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடாகத் தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். அந்த வழக்கை நடத்த வேண்டியது அரசின் ஆய்வாளர், நீங்கள் அல்ல. அது நடந்தே தீரும் என்று எண்ணி வீட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

கையெழுத்துப் போட்ட அந்தத் தாள்

காயத்துக்கான இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவிலிருந்தே வரும் கொள்கை. அதற்கும் மேலாக, இ.எஸ்.ஐ. உதவி முதலாளி தரும் பணம் அல்ல. நீங்கள் அவருக்கு எழுதிக் கொடுத்தது இ.எஸ்.ஐ. கழகத்தை எந்த வகையிலும் கட்டுப்படுத்தாது. தாளின் நகல் உங்களிடம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காக இரவில் தூக்கம் கெட வேண்டாம்.

இருமலைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்கவைத்தது அந்த ஒரு வரி: "எங்கள் பிரிவில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் இருமல் உண்டு, கைக்குட்டை கட்டிக்கொள்வோம்." ஃபவுண்டரி மணலில் இருப்பது சிலிக்கா. வார்ப்பில் ஒட்டிய மணலைத் தேய்க்கும்போது கிளம்பும் தூசியில், கண்ணுக்கே தெரியாத நுண்துகள்கள்தான் நுரையீரலின் ஆழம் வரை போகின்றன. கைக்குட்டை அவற்றைத் தடுக்காது, தடுக்கிறது என்ற எண்ணத்தை மட்டும் தரும். அந்தத் துகள்கள் உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்குக் குணமாக்கும் மருந்து கிடையாது; வேலையை விட்ட பிறகும் அது வளரும்; காசநோய்க்கும் வாசல் திறந்துவிடும். சட்டம் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகவும், உதவித்தொகைக்குரிய தொழில்நோயாகவும் வைத்திருக்கிறது. தொழிற்சாலைகள் சட்டத்தின் முதல் அட்டவணை ஃபவுண்டரியை ஆபத்தான செயல்முறை கொண்ட தொழில்களில் சேர்த்திருந்தது.

அங்கும் முதலாளி செய்ய வேண்டிய முதல் வேலை முகமூடி வாங்குவது அல்ல. கிரைண்டருக்குப் பின்னால் தூசி உறிஞ்சி அமைப்பது, உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரப்படுத்துவது, காற்றுக் குழாயால் உடையில் படிந்த தூசியை ஊதித் தள்ளும் வழக்கத்தை நிறுத்துவது ஆகியவை முதலில். அதற்குப் பிறகு ஐ.எஸ். 9473 தரத்தில் எஃப்.எஃப்.பி.2 அல்லது அதற்கு மேற்பட்ட வகை முகமூடி, ஒவ்வொருவருக்கும் தனியாக, முகத்தில் இடைவெளி இன்றிப் பொருந்தும்படி. தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும் என்பதையும் சொல்லித் தர வேண்டும். நீங்கள் இ.எஸ்.ஐ.க்குப் போகும் நாளில், கண்ணைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடாமல், எத்தனை ஆண்டுகள் ஃபவுண்டரி மணலில் வேலை செய்தீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லி நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழைய ஆட்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். 1995-இல் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலாளர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் ஆரோக்கியம் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொன்னது, இப்படித் தூசியில் நின்றவர்களை முன்வைத்துத்தான்.

புகார் கொடுப்பதா, வேண்டாமா

உங்கள் மனைவியின் அச்சத்தை நான் சிறியதாக நினைக்கவில்லை. ஆகவே இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. உதவி கேட்பது முதலாளிக்கு எதிரான வழக்கு அல்ல. அவர் சந்தா கட்டி வைத்திருக்கும் காப்பீட்டை நீங்கள் பயன்படுத்துவது. இதைத் தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை. இயக்ககத்துக்குப் புகார் அனுப்புவது அடுத்த படி. புகார் சொன்னவரின் அடையாளத்தை ஆய்வாளர் வெளியிடக் கூடாது என்பது பழைய சட்டத்திலேயே இருந்த விதி. ஆனால் 45 பேர் வேலை செய்யும் இடத்தில், அதுவும் கண் போன பிறகு, யார் என்று ஊகிப்பது கடினம் அல்ல. தொழிற்சங்கம் வழியாகவோ, பிரிவில் உள்ள பலர் சேர்ந்து கையெழுத்திட்டோ போவது தனியாகப் போவதைவிடப் பாதுகாப்பானது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக அஞ்சினால், முதலாளியிடம் சொல்லும்போதே ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமை புதிய தொகுப்பின் 14-ஆவது பிரிவில் உண்டு. இதன் பேரில் வேலையை விட்டு நிறுத்தினால் அது தனித் தொழிற்தகராறு. இரண்டு ஆண்டுகளுக்குள் அதை எழுப்ப வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், முதலில் முதலாளியை நேரில் பார்த்து, விபத்து அறிக்கையை இ.எஸ்.ஐ.க்கு அனுப்பும்படியும் கிரைண்டருக்குத் தடுப்பு மாட்டும்படியும் மரியாதையாக, எழுத்தில், ஒரு வாரக் கெடுவோடு கேளுங்கள். உதவும் குணம் உள்ளவர் என்று உங்கள் மனைவி சொல்வது உண்மையானால், அவர் அதைக் காட்டுவதற்கு இது வாய்ப்பு. ஒரு வாரத்தில் தடுப்பு வராவிட்டால் புகாரை அனுப்புங்கள். உங்கள் இடத்தில் இப்போது அந்தக் கிரைண்டரின் முன்னால் வேறொருவர் நிற்கிறார். இரண்டு மாதமாக நிற்கிறார்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

உங்கள் இ.எஸ்.ஐ. எண், ஆதார், சம்பளச் சீட்டுகள், தனியார் மருத்துவமனையின் சேர்க்கை, அறுவைச் சிகிச்சை, டிஸ்சார்ஜ் தாள்கள், பில்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு உங்களுக்குரிய இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கும், அதன் பிறகு கிளை அலுவலகத்துக்கும் போங்கள். விபத்து நடந்த நாள், நேரம், இடம், கூட நின்றவர்களின் பெயர் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். முதலாளி அறிக்கை அனுப்பவில்லை என்பது உங்களைத் திருப்பி அனுப்பக் காரணமாகாது. இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று இல்லாத கடந்த நாட்களுக்குத் தனியார் மருத்துவரின் சான்றை மாற்றுச் சான்றாக ஏற்கும்படி கேளுங்கள். அவசரத்தில் தனியார் மருத்துவமனைக்குப் போனதற்கான செலவைத் திருப்பித் தரும்படியும் மனு கொடுங்கள். ஏற்பது அவர்களுடைய முடிவு, கேட்பது உங்கள் உரிமை. மருத்துவ வாரியம் தரும் சதவீதம் குறைவாகத் தோன்றினால் மேல்முறையீடு உண்டு. அதற்கும், பிடித்தம் செய்த பணத்தைக் கேட்கும் மனுவுக்கும் வழக்கறிஞர் தேவைப்பட்டால், கோவை ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியைச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987 நேரடியாகவே தருகிறது.

மருத்துவரைப் பார்க்கும்போது வலது கண்ணையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் துளைத்த காயம் சில வேளைகளில் மற்றக் கண்ணையும் அழற்சிக்கு உள்ளாக்கும் என்பதால், அந்தக் கண் சிவந்தாலோ, கூசினாலோ, பார்வை மங்கினாலோ, ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கிளம்பிவிடுங்கள்.